இருபது மூக்கு

இயேசு சிலுவையில் சாகும் கதையைச் சொல்லும் எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்துக்கு மேக்கப் போட மன்னார்குடியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் கேட்கவில்லை. ஒல்லி உடம்பு, நெற்றி நிறைய விபூதி. ஒட்டு மூக்கு எதையும் முதலில் தன் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு ஒட்டுவார்.

நாடகத்தை நடத்துகிறவன் நான். இயேசுவைக் கொல்லச் சொல்லிக் கத்தும் ஆறு யூதர்களுக்கு வளைந்த மூக்கு வேண்டும் என்றிருந்தேன். பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு யூதன் என்றாலே அந்த மூக்குதான்.

அவர் பெட்டியைத் திறந்தார். இருபது மூக்கு!

"ஆறுதானே கேட்டேன்?"

"யூதருங்கன்னீங்களே சார். இயேசு, மாதா, பன்னெண்டு சீடருங்க, எல்லாரும் யூதருங்கதானாமே? சேர்த்தே செஞ்சிட்டேன்."

மாதா வேஷம் போட்ட டீச்சர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆணி அடிக்கிறவங்களுக்கு?"

"அவங்க ரோமருங்க சார். சொந்த மூக்கே போதும்."

எரிச்சலில் எல்லா மூக்கையும் பெட்டியில் போடச் சொன்னேன். இயேசுவுக்குச் செய்ததை மட்டும் அவர் தன் மூக்கில் ஒட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். கிண்டலா, பக்தியா, இன்றுவரை தெரியவில்லை.

"சிலுவையில் அறையும்!" என்று அந்த ஆறு பேரும் மேடையில் கத்தியபோது என்னால் முன்வரிசையிலிருந்த அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.