செக்கிங் அக்காவும் என் தவக்கால உண்டியலும்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்த ஆள், செக்கிங் அக்கா, நான். பக்கத்து மிஷின்காரர் டீ வாங்கப் போயிருந்தார். யாராவது கேட்டால் தப்பில்லாமல் சொல்ல வேண்டுமே என்று ஒரு வருடமாக இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் டூல் பெட்டியின்மேல் ஓர் அட்டை உண்டியலும் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கியதும் எங்கள் பங்குக் கோயிலில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்களே, அந்த உண்டியல்தான். ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து அந்தக் காசை அதில் போட வேண்டும். போரில் அடிபட்ட குழந்தைகளுக்குப் போகும் என்று சாமியார் பூசையில் சொல்லியிருந்தார். வீட்டில் வைத்தால் அவசரத்துக்கு எடுத்துவிடுவோமோ என்று பயந்து, சரவணம்பட்டி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கே அதைக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். கையெழுத்துப் போடச் சொன்னால்கூட இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.

அக்கா எங்கள் வேதம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், “ஏனுங்க தம்பி, பசியில கை நடுங்கிச் சரக்கு ரிஜெக்ட் ஆனா எந்தச் சாமி வந்து கூலி குடுக்குமுங்க?” என்று கேலி செய்வார். செய்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாயை உண்டியலில் போடுவார். நான் கடைந்து தரும் இரும்பு உருளைகளை ஒவ்வொன்றாக வளையம் போன்ற கேஜுக்குள் விட்டு அளவு பார்ப்பது அவர் வேலை. முடியளவு கூடினாலும் ஒதுக்கிவிடுவார். பம்புசெட் சாமான் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். கோயமுத்தூரில் இருந்துகொண்டு வேறென்ன நினைப்போம்?

வந்த ஆள் ஓர் உருளையைத் தூக்கிப் பார்த்தார். “அருமையா வந்திருக்குதுங்க. இது போயி விழற எடத்துல புல்லு மொளைக்காதுங்க” என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

“எங்கீங்க போயி விழும்?” என்று அக்கா கேட்டார்.

“அது வாங்கறவன் பாடுங்க அம்மணி. நாம பீரங்கிச் செல்லுக்கு ஓடு செஞ்சு குடுக்கறோம், அவ்வளவுதான்.”

அக்கா கேஜைத் துணியில் துடைத்து மேஜைமேல் வைத்தார். உண்டியலைப் பார்த்தார், பிறகு என்னை. “அப்பொ இந்தக் கையில குண்டு, அந்தக் கையில உண்டியலுங்களா தம்பி?”

நான் குனிந்து மிஷினை ஓடவிட்டேன். அந்த உண்டியலில் நான் போட்டதெல்லாம் அந்த ஆர்டரில் கிடைத்த ஓவர்டைம் காசு.

“எனக்கு இது வேண்டாமுங்க. கூலியக் குடுத்துப்போடுங்க, போயிர்றேன்” என்றார் அக்கா, முதலாளியிடம். முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. “பாதி ஆர்டர்ல நின்னா கூலி இல்லீங்க. பத்தொம்பது நாளுக்கும் இல்லீங்க. போயிட்டு வாங்க.”

அக்கா தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தார். அப்படி ஒருத்தி வேலைக்கே வரவில்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். “நான் அங்க வேலை செஞ்சேன்னு நீங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதுமுங்க தம்பி” என்று அக்கா போனில் கெஞ்சினார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாரேன் என்றேன். அரை நாள் லீவும் போட்டேன். மகளின் நர்சிங் படிப்பு, கட்டாத ஃபீஸ், வேலை போனால் யார் சேர்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஆபீசுக்குப் போகும் பஸ் வந்தது, போனது. நான் எதிரே இருந்த எங்கள் கோயிலுக்குள் நுழைந்துவிட்டேன்.

இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு தலமாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் தலம். வழியில் வந்த சீமோனைப் பிடித்து வந்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள் என்று வாசித்தார்கள். அவரைப் பிடித்து இழுத்துத்தான் வந்தார்கள். என்னை யாரும் இழுக்கவில்லை, கெஞ்சித்தான் கூப்பிட்டார்கள். முழங்காலில் இருந்தேன், எழுந்து போகவில்லை. சாயங்காலம் அக்கா போன் செய்தார். “நாலு மணி வரைக்கும் வாசலப் பாத்துட்டே உக்காந்திருந்தேனுங்க. பரவாயில்லீங்க, வெள்ளிக்கிழமையாச்சே, சாமி கும்பிடப் போயிருப்பீங்க.” அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார்.

இப்போது அவர் கிணத்துக்கடவில் தேங்காய் நார் மில்லில் இருக்கிறார். அந்தக் கூலிப் பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். “நீங்க எதுக்குங்க குடுக்கறீங்க? நீங்களா புடிச்சு வெச்சீங்க?” என்று என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார்.

இந்தத் தவக்காலத்திலும் அதே மிஷினில், அதே உருளையைத்தான் கடைகிறேன். செய்தியில் புழுதி மூடிய ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்றால், கீழே கிடக்கும் இரும்புத் துண்டில் என் டூல் போட்ட வரி தெரிகிறதா என்று தேடுகிறேன். ஆண்டவரே, அது என் கையால் வந்ததாக இருக்கக் கூடாது என்று ஜெபிக்கிறேன். அப்படியென்றால் வேறு எவன் கடைந்ததாவது விழட்டும் என்றா கேட்கிறேன்? ஜெபத்தை முடிக்கத் தெரியாமல் பாதியில் விட்டுவிடுகிறேன்.

டூல் பெட்டியின்மேல் இந்த வருடத்து உண்டியல் இருக்கிறது. ஒரு காசும் போடவில்லை. எதைப் போடுவது? அன்று இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, வந்த ஆள், அக்கா, நான். நாள் கூலி நானூற்று ஐம்பது, பத்தொன்பது நாள். அக்காவுக்கு இன்னும் வராதது எட்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.