பாத்திரக்கடை ஸ்பீக்கரும் ஏழு லெட்சுமணன்களும்

போன வாரம் காரைக்குடியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். கூரையிலிருந்து ஒரு பெண் குரல், "டோக்கன் எண் நாற்பத்தேழு" என்றது. எல்லாரும் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் எத்தனை, வயர் எந்த வழியாக வருகிறது, குரலுக்கு அடியில் ஏன் இந்த 'உர்ர்' சத்தம்? பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். "கண்ணைக் காட்ட வந்தீகளா, கரண்டு வேலை பாக்க வந்தீகளா? நம்ம நம்பர்தான் கூப்பிடுறாக!"

என்ன செய்ய, அந்த உர்ர் சத்தம் கேட்டால் எனக்குப் புளி வாசனை வந்துவிடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அலுவலகங்களுக்கு இண்டர்காம் மாட்டித் தரும் ஒரு கம்பெனியில், செல்போன் வராத அந்தக் காலத்தில், புதிதாகச் சேர்ந்திருந்தேன். தனியாகப் போன முதல் வேலை, காரைக்குடியில் மூன்று மாடிப் பாத்திரக்கடை. பெண்ணுக்குக் கரண்டியிலிருந்து அண்டா வரை வாங்கிக் கொடுத்து அனுப்பும் ஊரில் பாத்திரக்கடை எத்தனை பெரிதாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்கட்டில் நாள் முழுக்கப் புளி போட்டுப் பித்தளை துலக்குவார்கள். அந்த வாசனை மூன்று மாடிக்கும் ஏறும்.

முதலாளிக்கு ஓர் ஆசை. "நான் போனை எடுத்துப் பேசுனா மொட்டைமாடி வரைக்கும் கேக்கணும் தம்பி. முடியுமா?"

"முடியும் முதலாளி" என்றேன். அதற்கு முன் ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் யோசிப்பது என் சுபாவம். கல்யாணத்துக்கும் அப்படித்தான் தலையாட்டினேன்.

காகிதத்தில் பார்த்தால் சுலபம். இண்டர்காம் பெட்டியிலிருந்து போகும் லைன்களில் ஒன்றின் நுனியில் போனுக்குப் பதில் ஆம்ப்ளிஃபயரை மாட்ட வேண்டும். அந்த எண்ணை அழுத்தினால் பேசுவது ஸ்பீக்கரில் வரும். மாட்டினேன். உர்ர்ர் என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் மட்டுமா? அதற்குக் கீழே அடுக்கியிருந்த பித்தளைக் குடங்களும் கூடவே சேர்ந்து பாடின! வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், அழகர்மலையானுக்கு வேண்டிக்கொண்டேன். இரண்டு நாள் அது நிற்கவில்லை.

பெட்டிக்கு ஓர் அறையில் கரண்ட், ஆம்ப்ளிஃபயருக்கு இன்னோர் அறையில். இரண்டு எர்த்தும் ஒரே வயரில் சண்டை போட்டால் இந்தச் சத்தம் வரும் என்று ஒரு ரேடியோ மெக்கானிக் சொன்னார். செத்துப்போன ரேடியோவிலிருந்து தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் கழற்றிக் கொடுத்தார். நடுவில் அதை வைத்தேன். உர்ர் இந்தப் பக்கமே நின்றுவிட, குரல் மட்டும் அந்தப் பக்கம் போனது. ஒரு கம்பி இன்னொரு கம்பியைத் தொடவே இல்லை, குரல் எப்படித் தாண்டுகிறது? பாடம் தெரியும், ஆனால் ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு ஏணி பிடித்தவர் உமையாள் அக்கா, கடையின் டெலிபோன் ஆப்பரேட்டர். வெளியிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் ஒவ்வொரு மாடிக்கும் போன் அடித்து ஆளைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

"இது வந்துட்டா முதலாளியே எல்லாத்தையும் கூப்பிட்டுக்குவாரா தம்பி?"

"ஆமாக்கா."

"அப்ப நான் எதுக்கு?"

நான் ஏணியில் இன்னொரு படி ஏறினேன். 'அடுத்த மாசத்திலேருந்து ஆப்பரேட்டர் வேணாம்' என்று முதலாளி காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் நல்ல நேரம் பார்த்து முதலாளி போனை எடுத்தார். தொண்டையைச் செருமினார். மூன்று மாடியும் செருமியது. "லெட்சுமணன், ஆபீசுக்கு வாங்க" என்றார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. வீட்டுக்கு வீடு அதே பத்துப் பன்னிரண்டு பெயர்தான். கடை ஆட்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்களில் மூன்று பேர், "என்னைய எதுக்குக் கூப்பிட்டீக?" என்று வந்து நின்றார்கள். ஆக மொத்தம் ஏழு லெட்சுமணன். முதலாளிக்கு வேண்டிய லெட்சுமணன் அதில் இல்லை!

"ஏன்யா இத்தனை பேரு வந்து நிக்கிறீக?"

"நீங்கதானே கூப்பிட்டீக!"

உமையாள் அக்கா எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார். "இளையாத்தங்குடி லெட்சுமணண்ணே, ரெண்டாவது மாடியில அண்டாப் பக்கம் நிக்கிறீகள்ல, கொஞ்சம் இங்குட்டு வாங்க."

"இந்தா வந்துட்டேன் ஆத்தா!" என்று மேலிருந்து பதில் வந்தது. மனிதர் ஸ்பீக்கரைப் பார்த்தே கத்தியிருக்கிறார். இறங்கி வந்தவர், "வேற லெட்சுமணன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

முதலாளி போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நீயே கூப்பிடும்மா" என்றார். மறுநாள் அக்கா எனக்கு டிபன் டப்பா நிறையக் கந்தரப்பம் கொண்டு வந்தார். எனக்கே வேலை கிடைத்ததுபோல் இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர்.

சில வருஷம் கழித்து முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். போனைத் தானே எடுத்துப் பேசும் மெசின் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார். குரல் நம்ம ஊர்க் குரலாக இருக்கட்டும் என்றார். மின்விசிறியை நிறுத்திவிட்டு அக்காவைப் பேச வைத்தேன். 'வணக்கம். கல்யாணச் சாமானுக்கு எண் ஒன்றை அழுத்துங்கள்.' நாலு தடவை ஒத்திகை பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்துருக்கா தம்பி?" என்றார்.

"தங்கமா வந்துருக்குக்கா."

அந்த மெசின் எதற்கென்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாசக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் இடி விழுந்து மெசின் கருகிப்போனது. வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "போகட்டும் தம்பி. சம்பளமில்லாம எம்புட்டு வருசம்தான் வேலை பாக்கும்?" என்றார். பிறகு, "ஒனக்கு அன்னைக்கே தெரியும்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன். காபி கொடுத்தார்.

அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கடையில் இப்போது ஆளாளுக்குச் செல்போன். அவர் குரலுக்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை. என் பழைய டப்பாவில் ஒரு கேசட் மட்டும் கிடந்தது, பதிவுக்கு முன் மைக்கைச் சோதித்தது. 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்று நான் கத்துகிறேன். அப்புறம் அக்கா, "பேசட்டுமா தம்பி?" என்று கேட்கிறார். அத்தோடு டேப் நின்றுவிடுகிறது.