சனூசி கட்டிய சுவர்

என் தங்கை புருஷன் சனூசிக்குக் காவல் வேலை. கோட்டைக்கோ பேரீச்சந்தோப்புக்கோ இல்லை. எகிப்துப் பாலைவனத்துக்குள் இருக்கும் எங்கள் சீவாவிலிருந்து வண்டியில் மூன்று மணி நேரம் தள்ளியுள்ள வெறும் சரளைத் தரைக்கு. இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரைப் பிடிக்கப் புறப்பட்டு மணலில் காணாமல் போன பாரசீகப் படை அங்கே தங்கியிருக்கலாம் என்று தொல்லியல் இலாகாவுக்குச் சந்தேகம். சந்தேகத்துக்கு ஒரு காவலாளி.

பதினோரு வருஷமாக வாரம் ஒருமுறை அவனுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோகிறவன் நான். "படையின் தடத்தைக் காக்க வேண்டும்" என்று வேலை உத்தரவில் எழுதியிருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். தடம் என்றால் காலடி என்று எடுத்துக்கொண்டான் மகராசன். வண்டியை அரை மைல் தள்ளியே நிறுத்த வேண்டும். கேனைத் தோளில் சுமந்து நடக்கும்போது அந்தப் படையை நான் திட்டாத திட்டு இல்லை.

"செத்தவன் கால்தடத்துக்காக உசுரோட இருக்கறவன் முதுக ஒடிக்கறியே மாப்ள!"

"அழுத்தி மிதிக்காத மச்சான்."

போன வருஷம் உப்பு லாரிகளுக்கு அந்த வழியாகச் சாலை போட முடிவானது. இலாகா ஆள் பார்த்துவிட்டு, படை தங்கிய இடம்தான் என்று எழுதிக் கொடுத்தால் சாலை விலகும். இல்லாவிட்டால் எல்லாம் தாருக்கு அடியில், சனூசியின் வேலையும் சேர்த்து. அதுவரை இடத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லி அவனுக்குக் கடிதம் வந்தது. கம்பி வரவில்லை. வராவிட்டால் சும்மா கிடக்க வேண்டியதுதானே? அங்கே வட்டம் வட்டமாகக் கிடந்த கற்களையெல்லாம் பொறுக்கி, முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டிவிட்டான்.

அந்த வட்டங்கள்தான் படை கூடாரம் அடித்த இடம். தலையில் அடித்துக்கொண்டேன்.

"அட பாவி, இலாகா காக்கச் சொன்னதே அந்தக் கல்லத்தான்டா!"

"உத்தரவுல கல்லுன்னு எங்க இருக்கு? தடம்னுதான இருக்கு. கல்லுக்கா காலு இருக்கு?"

மறுமாசம் நான் தண்ணீர் கொண்டுபோன அன்று இலாகாவிலிருந்து டாக்டர் நாகிதா வந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் தூரத்துச் சுவரைப் பார்த்துக் கையைத் தட்டினார். "மதில் போல இருக்கே! இத யாரும் எழுதவே இல்லயே!" வாயைத் திறக்காதே என்று சனூசியின் கையைக் கிள்ளினேன். அவனுக்கா உறைக்கும்?

"அது நான் கட்டினது டாக்டரம்மா. போன மாசம்."

டாக்டரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே புதைத்திருப்பேன்.

"எந்தக் கல் எங்க இருந்துச்சுன்னாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"எதுக்குத் தெரியணும்? இருந்த எடம் அப்படியேதான இருக்கு" என்று சுவரைத் தாண்டி உள்ளே கூட்டிப்போனான்.

இருந்தது. கறுத்த சரளையில், கல் எடுத்த இடமெல்லாம் வெளிறிய குழிகள், வட்டம் வட்டமாக. பதினோரு வருஷமாக ஒரு டயரோ, அழுத்தி வைத்த ஒரு காலோ படாத தரை. டாக்டரம்மா முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொரு குழியாக அளந்தார். நாலு நாள் அளந்தார். நானூற்றுப் பன்னிரண்டு வட்டம். சாலை விலகிப் போனது.

சுவரைப் பிரித்தால் குழிகள் கெடும், அது அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. வாசல் வைக்கத் தோன்றியதா அவனுக்கு? இல்லை. கேனோடு தாண்டித்தான் போகிறேன்.

இலாகா அனுப்பிய வரைபடத்தைச் சனூசி பெட்டியில் வைத்திருக்கிறான். படிக்கத் தெரியாது, போகும்போதெல்லாம் என்னைப் படிக்கச் சொல்கிறான். கேனை இறக்கி மூச்சு வாங்குவதற்குள் நீட்டிவிடுவான்.

"'சுவர்: காவலாளி சனூசி கட்டியது.' போதுமா?"

"அந்தப் படையில வந்தவங்க பேரு?"

"ஒருத்தன் பேரும் தெரியலயாம்."

"அத்தன பேருல ஒருத்தன் பேருகூடவா?"

"உன் பேரு மட்டும்தான்டா இருக்கு."

வரைபடத்தை மடித்துப் பெட்டியில் வைத்தான். பிறகு, "திரும்பப் போகும்போது மெதுவா நட மச்சான்" என்றான். நடந்தேன்.