அண்ணாவுக்குக் கொடுத்தது

இங்கே, நோர்வேயின் வடக்கில், பனிக்காலத்து மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரி ஏற்றி வைக்கிறார்கள். பகலிலும் இருட்டு என்பதால்தான். யாருக்காகவும் வேண்டிக்கொண்டு அல்ல. கொழும்பில் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்த் திரி ஏற்றிய குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, எரிகிற திரிக்கு முன்னால் வெண்ணெய் தடவிய பாணைக் கடித்துக்கொண்டு உறைபனியைப் பற்றிக் கதைப்பது இன்னும் பழகவில்லை.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வந்து இது நாலாவது பனிக்காலம். "அக்கா, பிஎச்டி இடம் எப்பிடிக் கிடைச்சது?" என்று வெள்ளவத்தையில் என்னிடம் படித்த பிள்ளைகள் எழுதிக் கேட்கிறார்கள். இங்கே அது சம்பளமுள்ள வேலை, பல்கலைக்கழக இணையத்தளத்தில் விளம்பரம் வரும், பேராசிரியருக்கு நேரே எழுதுங்கள் என்று பதில் போடுகிறேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு ரொஷான் அண்ணாவும் இருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அதைத் தாங்கியது துறைமுகப் பண்டகசாலையில் அவர் பார்த்த கிளார்க் வேலை. நான் வெள்ளவத்தையில் ஏ.எல். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்தபடி விண்ணப்பித்தேன். மறுப்பு வரும்போதெல்லாம், "இன்னொண்டு போடு தங்கச்சி" என்பார்.

நான் வந்த இரண்டாம் வருடம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. என்னுடையது பொருந்தும் என்று தெரிந்ததும் தொலைபேசியில் சத்தம் போட்டார்.

"நீ வரவேணாம். படிப்ப முடி."

"படிப்பு பிறகும் இருக்கும் அண்ணா."

பேராசிரியை இங்ரிட்டிடம், "ஒரு சிறுநீரகம் கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும்" என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், திசு மாதிரிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி எடுத்துவிட்டாயா என்று கேட்டார். மாதிரி அல்ல, என்னுடையது என்றேன். "உன் ஆய்வினுடையதானாலும் அனுமதி வேண்டும்." நான் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "யாருக்கு?" என்றார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அதுவரை தண்ணீரை மிடறு மிடறாக அளந்து குடித்த அண்ணா, இனி வேண்டியமட்டும் குடிக்கலாம் என்று டொக்டர் சொன்னதும் ஒரு கிளாஸை முழுதாகக் குடித்துவிட்டு அழுதார். தழும்பு காய்ந்ததும் நான் திரும்பி வந்தேன்.

ஒரு வருடம் நிறையுமுன் அண்ணி அழைத்தா. "அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல். பெருசா ஒண்டுமில்ல." உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்து, கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். நான் படிப்பதே அதைத்தான். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றேன். கொண்டு போனார்கள். கிருமி இரத்தத்தில் பரவியிருந்தது.

என் வதிவிட அனுமதி அப்போது புதுப்பிப்பில் இருந்தது. வெளியே போனால் திரும்பி வர முடியுமென்று யாரும் உறுதி சொல்லவில்லை. மாதம்பிட்டி மயானத்தில் அண்ணாவின் பெட்டியை இறக்குவதை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். இடையில் படம் நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது மண் மூடியிருந்தது.

"படிப்பு முடிஞ்சா இங்க வந்திருவியா?" என்று போன கிழமை அண்ணி கேட்டா. என்னிடம் எஞ்சியிருக்கும் ஒரு சிறுநீரகம் இங்கே இரண்டின் வேலையைச் செய்கிறது. மற்றது அங்கே, அண்ணாவோடு, மண்ணுக்குள் கிடக்கிறது.