பன்னிரண்டாவது பெயர்

பதினோரு பெயர்களைப் படித்த பிறகு அக்கா ஒரு கணம் நிறுத்தினாள். தருமபுரியில் ஒரு மைதானத்தில், கபடி ஆடுகளத்தின் ஓரமாக, முப்பது பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தோம். மாநிலப் பெண்கள் அணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். மிச்சமிருந்த ஓர் இடம் இடது கார்னருக்கு. கபடி பாடி வருகிறவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடித்து நிறுத்துகிற இடம் அது. அதற்குப் போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஓசூர்ப் பக்கத்து எல்லையோரக் கிராமத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இன்னொருத்தி நான், பெயர்களைப் படித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரின் கூடப்பிறந்த தங்கை. அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தாள். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றியபடி நடந்து போய்விட்டாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பிக் கேழ்வரகும் துவரையும் போடுகிற குடும்பம். இருபத்து நான்கு வயதில் அவளுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன மாதமே பெங்களூருக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தாள். அந்த நாளில் பெண்கள் அணிக்கும் ஆண்கள்தான் பயிற்சியாளர்கள். துணைப் பயிற்சியாளராக முதல் முகாமுக்குப் போனபோது, பெண்கள் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டாளாம். பார்க்கலாம் மேடம் என்று சிரித்தார்கள். மறுநாள் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து, ஸ்க்ரூ டிரைவரை இரவல் கேட்டு, அவளே கதவில் முடுக்கினாள். மகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு நேரில் போவாள். "நானே கூட்டிட்டுப் போறேங்க, நானே கொண்டாந்து வூட்ல விடறேங்க" என்பாள். விட்டும் இருக்கிறாள், ஒவ்வொருத்தியையும்.

பல வருட உழைப்புக்குப் பின் அவளையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். மாநில அணிக்கு அந்தப் பொறுப்பில் வந்த முதல் பெண் அவள்தான். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அவள் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆம்பள கோச் தோத்தா டீம் சரியில்லம்பாங்க. நான் தோத்தா பொம்பளய வெச்சதே தப்பும்பாங்க" என்றாள். அந்த வருடம் முகாம் எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. மூன்று வாரமும் அவள் என்னை ஏழாம் நம்பர் என்றுதான் கூப்பிட்டாள். நானும் மேடம் என்றேன். சாப்பாட்டு வரிசையில் எதிரெதிரே வந்தால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். எல்லாருடைய கண்ணும் எங்கள் இருவர் மேல்தான் என்பது எனக்கும் தெரிந்தது. யாராவது சிரித்தால்கூட எங்களைப் பற்றித்தானோ என்று தோன்றும்.

கடைசித் தேர்வுக்கு முந்திய நாள் மாலை, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தேர்வுக் குழுவில் ஒருவர் அக்காவிடம் பேசியது கேட்டது. "தங்கச்சிய எடுங்க மேடம், யாரு வேண்டாங்கறது? வெளிய நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு மட்டும் யோசிச்சுக்கங்க." பாட்டில் நிரம்பி வழிந்து என் கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

மறுநாள் உயிரைக் கொடுத்து ஆடினேன். முகாமிலேயே வேகமாகப் பாடி வருகிறவளை ஐந்து முறை பிடித்தேன். அந்தத் தெலுங்குப் பெண் மூன்று முறை கோட்டைவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் அவளே வந்து, "நீங்கதான்க்கா" என்று என் கையைப் பிடித்தாள். மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வருடம். அதற்குப் பிறகுதான் அக்கா அந்தத் தாளைப் படித்தாள்.

பேருந்தில் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் போன் போட்டாள். "ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் நீ வேணும். வூட்ல இருக்கறவளுக்கு வேண்டாமா?" அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "டீம் போட்டாச்சும்மா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். கடைசி அரை நிமிடம். எங்கள் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால். எதிரணிப் பெண் பாடி வந்தாள், நேராக இடது கார்னரை நோக்கி. என் கை தானாக முன்னே நீண்டது. இப்போ பாயாத, இன்னும் ஒரு அடி வரட்டும் என்று வாய்விட்டுக் கத்தினேன். என் இடத்தில் நின்ற தெலுங்குப் பெண் சரியாக அந்த ஒரு அடிக்குக் காத்திருந்து பாய்ந்தாள். பிடி விழுந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். அடுத்த நொடி, எதற்காகத் துள்ளினேன் என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது. திரையில் அக்காவைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அழுதுகொண்டே சிரித்த அம்மா, என்னைத் திரும்பிப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தாள்.

இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. அக்கா தேசிய அணியின் முகாம் வரைக்கும் போனாள். நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தேன். அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த காலையில், மருத்துவமனை நடைவழியில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே அம்மா. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தபடியே அக்கா பேசினாள்.

"அன்னிக்கு நீதான்னு எனக்கும் தெரியும் பாப்பா."

"அப்பறம் ஏன்?"

"உன்ன எடுத்திருந்தா, ஜெயிச்சாலும் அதத்தான் பேசியிருப்பாங்க. எனக்கப்புறம் இன்னொரு பொம்பளய அந்த எடத்துக்கு வர விட்டிருக்க மாட்டாங்க."

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தப்புதான். ஆனா திரும்ப அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். பொய் சொல்ல மாட்டேன்."

அறையலாமா என்றிருந்தது. அதற்குள் கதவு திறந்து, நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடினோம். அம்மா பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம், முதலில் மருந்து மாத்திரை பற்றி, பிறகு மற்றதெல்லாம். அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வருடம் அக்கா பொறுப்பிலிருந்து விலகினாள். அவளுக்குப் பின் தலைமைப் பயிற்சியாளராக வந்தவள் அன்று என் இடத்துக்குத் தேர்வான அதே தெலுங்குப் பெண். போன மாதம் தேர்வுக்கு என் பள்ளிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாவதாக அவள் தன் சொந்த அண்ணன் மகளின் பெயரைப் படித்தாள், நிமிர்ந்து பார்த்து, தெளிவாக. நான் சுற்றிலும் பார்த்தேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். "அந்தப் புள்ளதானுங்க நல்லா ஆடுது, வேற யாரை எடுப்பாங்க?" என்றார் மற்றவர். அதோடு பேச்சு முடிந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். என் பள்ளிப் பெண் தேர்வாகவில்லை. அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலக்கா."



"அந்த அண்ணன் மக நல்லாப் புடிக்கறாளா பாப்பா?"

"என்ன விட நல்லாவே புடிக்கறா."

"உன்ன விட நல்லாப் புடிச்சவள நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.