மலையோரக் கப்பி ரோட்டில் மாட்டு டாக்டர்

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மெட்ராஸ் பக்கத்திலிருந்து நாலைந்து பையன்கள் தடித்த டயர் போட்ட சைக்கிளில் எங்கள் மலையோரம் வந்து நிற்கிறார்கள். தலையில் கவிழ்த்த சட்டி, தொடையைப் பிடித்த நிக்கர். பக்கத்திலேயே நல்ல தார் ரோடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜல்லியிலும் மண்ணிலும் வேண்டுமென்றே குலுங்கிக்கொண்டு போகிறார்கள். கேட்டால், "கிராவல் ரைடு தாத்தா, நல்ல ரூட்டா சொல்லுங்க" என்கிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் தினமும் குலுங்கினோம். அதற்கு இங்கிலீஷில் பேர் இருப்பது தெரிந்திருந்தால் கொஞ்சம் கெத்தாகக் குலுங்கியிருப்பேன்.

ரூட் விஷயத்தில் நான் பெரிய ஆள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது வாக்கில் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். இருபது வயதில் என்னிடம் இருந்தவை இரண்டு: ஒரு பழைய சைக்கிள், ஓயாத வாய். சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. வாய்க்கும் கிடையாது.

என் அக்காவை உத்திரமேரூருக்குத் தெற்கே, குன்றுகளின் காலடியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்கள் ஊரிலிருந்து அங்கே போக மூன்று வழி. தார் ரோடு ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போகும். ஏரிக்கரை வழியில் கருவேல முள், டியூபுக்கு ஆகாது. மூன்றாவது மலையோரக் கப்பி ரோடு. சரளையும் செம்மண்ணும் போட்டு எப்போதோ இறுக்கிய ரோடு, பாதி தூரத்துக்கு மறுபடி போடுகிறோம் என்று புது ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். ரோடு ரோலர் வரும் வரும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வழிதான் என் வழி. தூரம் பாதி.

ஒரு தை மாதக் காலை, நாஷ்டாவுக்கு அக்கா வீடு என்று முடிவு செய்து போனேன். வாசலில் யாரும் இல்லை. பின்பக்கம் கொட்டகையில் அக்கா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டின் பின்னால் ஒரே ஒரு குளம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, விடிகாலையிலேர்ந்து முக்கிக்கினே கீதுடா. ஒத்தக் காலு வந்துச்சி, அப்பிடியே நின்னுபோச்சி. ஓடிப் போய் மாட்டு டாக்டர இட்டாடா."

"மச்சான் எங்க?"

"காவாந்தண்டலத்துக்குக் கரும்பு வெட்டப் போய்கீறாரு. பேசிக்கினு நிக்காதே, போ!"

அந்த மாடு வீட்டு மாடு இல்லை, அக்காவின் மாடு. கல்யாணத்தின்போது கன்றாக அவளோடு வந்தது. புருஷன் வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதன் பாலை ஊற்றித்தான் கைச்செலவுக்கு யாரையும் கேட்காமல் தலை நிமிர்ந்து நடந்தாள். மாடு போனால் அவள் நிமிர்ந்த தலையும் போகும். அவள் மாமியார் தூணில் சாய்ந்துகொண்டு, "ரெண்டாம் ஈத்துலயே இந்தக் கூத்து" என்று யாருக்கோ சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னாள்.

நான் பறந்தேன். போகும்போது நான் மட்டும்தான், சைக்கிளும் பழகிய வழியில் சொன்னபடி கேட்டது. எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், அவருடைய ஸ்கூட்டர்தான் மெக்கானிக் கடையில் அக்கக்காகக் கிடந்தது. ஆள் தஞ்சாவூர்ப் பக்கம். நல்ல உடம்பு.

"கேரியர்ல உக்காருங்க சார், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள கொண்டுபோய் சேத்துடறேன்."

"தார் ரோட்டுலதானே போவே?"

"அது சுத்து சார். நம்ம ரூட்டு மலையோரம். எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்."

கல்லுக்கும் என்னைத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

ஜல்லியில் ஓட்ட ஒரு முறை இருக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மிதிப்பதை நிறுத்தக் கூடாது. சக்கரம் எங்கே போக ஆசைப்படுகிறதோ அங்கே கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் அசையக் கூடாது. டாக்டர் முதல் மூன்றையும் எனக்கு விட்டுவிட்டு நான்காவதைக் கெடுத்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை சாய்ந்தார்.

"யோவ், என் முதுகெலும்பு ஒவ்வொண்ணா எண்ணிக்கலாம் போலிருக்கே!"

"எண்ணிக்கினே வாங்க சார், அதுக்குள்ள ஊரு வந்துடும்."

குன்றைச் சுற்றித் திரும்பும் இடத்தில் கல் குவாரி. ஒரு ஆள் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் நின்றான்.

"நில்லு, நில்லு! வேட்டு போடப் போறாங்க. துணி தெரியல?"

"மாடு கண்ணு போட முடியாம கெடக்குது. உட்ரு நைனா, ஒரே மிதி, தாண்டிடறேன்."

"மண்டையில கல்லு வந்து குந்திச்சின்னா இன்னா பண்ணுவே? மாடு பொழச்சிக்கும், நீ பொழைக்கமாட்டே."

"கூட என் மண்டையும் இருக்குப்பா" என்று டாக்டர் இறங்கிவிட்டார்.

சின்னப் பாலத்தின் அடியில் மூன்று பேரும் குந்திக்கொண்டோம். வேட்டு வெடிக்கவே இல்லை. திரி நமுத்துப்போய்விட்டதாம், வேறு வைத்தார்கள். எனக்கு அந்த ஒற்றைக் குளம்பே கண்ணில் நின்றது. தார் ரோட்டில் போயிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம். டாக்டரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பாலத்தின் கூரையைப் பார்த்தேன். கடைசியில் மலையே இருமியதுபோல ஒரு சத்தம். தூசி அடங்குவதற்குள் டாக்டரை ஏற்றிக்கொண்டு மிதித்தேன்.

அங்கிருந்து இறக்கம். விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று கண்மண் தெரியாமல் விட்டேன். தூரத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் போட்டால் குவாரி லாரி ஏறி ஏறி மிதித்துக் கொடுக்கும். மாடு கட்ட வேண்டாம், தடி எடுத்து அடிக்க வேண்டாம். அன்று வேட்டுக்காக லாரிகளை நிறுத்திவிட்டதால் ஒன்றுகூட வரவில்லை. ஓரத்தில் முறத்தோடு நின்ற அம்மாவுக்கு நாங்கள் லாரிபோலத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏறி ஓட்டு நைனா! நடுவுல ஏறி ஓட்டு! பின்னால கனமான ஆளுதான் குந்திகீறாரு, நல்லா மிதிபடும்!"

காலையில் போகும்போது நான் அதை ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன். இப்போது புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. இவ்வளவு தூரம் ஜல்லியில் நொந்த மனுஷருக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கட்டுமே!

"சார், மெத்த வருது. கெட்டியாப் புடிச்சிக்கினு குந்துங்க."

மெத்தை மேலேதான் இருந்தது. அடியில், நேற்றே லாரியில் மிதிபட்டு உதிர்ந்த கொள்ளு முழுக்கக் கோலிக்குண்டுபோலக் கிடந்தது. முன்சக்கரம் ஒரு பக்கம் போனது, பின்சக்கரம் இன்னொரு பக்கம். நான் குதிகாலை ஊன்றினேன், அது மூன்றாவது பக்கம் போனது. லுங்கி செயினுக்குள் போய் அரை லுங்கியாகத் திரும்பி வந்தது. டாக்டர் மருந்துப் பையைக் காப்பாற்றி, கையை ஊன்றி விழுந்தார்.

"ஐயோ, எங் கொள்ளு!" என்று அந்த அம்மா ஓடிவந்தாள்.

"கொள்ளு கெடக்கட்டும்மா, டாக்டரு வுயுந்துட்டாரு!"

"டாக்டரா? இன்னா டாக்டரு?"

"மாட்டு டாக்டரு."

"அப்பிடியா! எங்க எருமைக்கு ரெண்டு நாளா செருமலு. எய்ந்து வந்து ஒரு பார்வ பாக்கச் சொல்லேன்."

டாக்டர் எழுந்தார், எருமையைப் பார்க்க அல்ல. வலது மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க அந்தக் கைதான் வேண்டும்போல. "நட" என்றார், அவ்வளவுதான். மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாக முடித்தோம்.

அக்காவின் மாமியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டர இட்டாறச் சொன்னா, யாரையோ அடிச்சிப் போட்டு இட்டாந்துகீறான் பாரு."

அக்கா எதையும் பார்க்கவில்லை. "கண்ணு சொருகுதுங்க, டாக்டரே" என்றாள். 

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கன்னு ஒரு முன்னங்கால உள்ள மடக்கி வச்சிருக்கு. கைய விட்டு எடுக்கணும். என் கை ஆகாது. யாருக்குக் கை மெல்லிசு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையை முருங்கைக்காய் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"சார், நானு சைக்கிளே நேரா ஓட்டமாட்டேன்."

"அது எனக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெய் தடவு."

தோள்வரை உள்ளே போனது. அந்தச் சூட்டையும் இறுக்கத்தையும் எப்படிச் சொல்வது! மாடு முக்கியபோது என் கையை யாரோ செக்கில் கொடுத்து ஆட்டியதுபோல இருந்தது.

"சார், உருண்டையா ஒண்ணு கீது."

"முட்டியா, குளம்பா?"

"பேரு எய்திப் போட்டிருந்தாக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது சார்!"

"வாய மூடு. மடிஞ்சிருக்கா? அப்போ முட்டி. மாடு முக்கி நிறுத்தினதும் கன்னுக்குட்டியப் பின்னால தள்ளு. முக்கும்போது தள்ளாதே. இப்போ... தள்ளு! முட்டிலேர்ந்து கீழ போ. குளம்பு கெடைக்கும். உள்ளங்கையில மூடிப் பிடி, கர்ப்பப்பையக் கிழிச்சிடாம. மெதுவா உன் பக்கம் இழு."

இரண்டு முறை வழுக்கிப் போனது. மூன்றாவது முறை அந்தச் சின்னக் குளம்பு என் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. வாழ்க்கையில் நான் வாயே திறக்காமல் இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

இரண்டு காலும் வெளியே வந்ததும் கயிறு மாட்டி, அக்காவும் நானும் மாமியாரும் இழுத்தோம். கன்று சளேரென்று என் மேலேயே விழுந்தது. மூச்சு இல்லை. டாக்டர் இடது கையால் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்கில் விட்டுக் குடைந்தார். கன்று தும்மியது. கிடேரிக் கன்று. மாடு தலையைத் திருப்பி, அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என் முதுகில் இரண்டு அறை வைத்தாள். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிய பிறகு எங்களுக்கும் களி வந்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. டாக்டருக்கு வலது கை பன்ரொட்டிபோல உப்பியிருந்தது. எனக்கு வலது கை தோளிலிருந்து மரத்துப்போய்த் தொங்கியது. இடது கையால் சாப்பிடுவதா, சீ! அந்த வீட்டில் ஸ்பூன் என்ற சாமானே கிடையாது. அக்கா களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து, எனக்கு ஒரு வாய், டாக்டருக்கு ஒரு வாய் என்று ஊட்ட ஆரம்பித்தாள். பெரிய படிப்புப் படித்த மனுஷர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

மூன்றாவது உருண்டையை விழுங்கிவிட்டு அக்காவிடம் சொன்னார்: "அடுத்த ஈத்துக்கு மாட்ட மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்மா. அது நல்ல ரோடா பாத்து வந்து சேரும். இவன அனுப்பாதே."

அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு வரவேண்டிய உருண்டை அவள் மடியில் விழுந்தது.