ஈயின் பின்தொடை

ஆவடி லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அமல்ராஜ் போனில் ஒரு பெண் ஈயின் பின்தொடையை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்த பக்கத்து சீட்டுக்காரர் சற்று நகர்ந்து உட்காருகிறார். அண்ணனூர் தாண்டுவதற்குள் மூன்று ஈக்களுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வயது ஐம்பத்திரண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மேஜையில் இரண்டே முத்திரைகள்: பாஸ், ரிஜெக்ட். இருபத்தாறு வருஷம் இவற்றில் ஒன்றைக் குத்தியே பழகிய கை. மூன்றாவதாக ஒரு பதில் உலகத்தில் உண்டென்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

பூச்சிப் படம் போட்டுப் பெயர் கேட்கும் இணையதளம் ஒன்றில், மரநிழலில் அந்தரத்தில் நிற்கும் தோப்பு ஈக்களுக்கு அவர்தான் பெரிய மனிதர். அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும் இரண்டு இனங்களை அவர் பின்தொடையை வைத்துப் பிரிப்பார். கறுப்பு வளையம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றது. "இதுல இன்னா கஷ்டம் கீது? தொடையப் பாத்தா தெரிஞ்சிடும்" என்பார். வானகரத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் சௌம்யா அதே தளத்தில் பாதிப் படங்களுக்கு, 'படத்தை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதுவாள். அதைப் படித்தால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரிலன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமா? அதுக்குத்தான் ஊரே கீதே."

மனைவி ஜெசிந்தா, வீட்டுக்குள் வரும் ஈக்களை இனம் பார்க்காமல் அடிப்பவள்.

இப்போது ஈக்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்கள். தோப்பு ஈ பகுதியைச் சரிபார்த்தவர் என்று அமல்ராஜின் பெயர் அச்சில் வரப்போகிறது. பெயருக்கு முன்னால் என்ன போடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் போனைத் திறந்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரை மரத்தடியில் எடுத்த இரண்டு படங்களைச் சௌம்யா போட்டிருந்தாள். முதல் படம் வளையம் உள்ள இனம், அடுத்தது வளையம் இல்லாத இனம் என்று ஒரே நிமிஷத்தில் எழுதிவிட்டார். கூடவே, 'உன்னிப்பாகப் பார்க்கப் பழகும்மா' என்று எல்லோரும் பார்க்க ஓர் அறிவுரை.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'சார், ரெண்டும் ஒரே ஈ. இலையை விட்டு நகரவே இல்ல. நடுவுல ஒரு மேகம் வந்துச்சு, அவ்வளவுதான்.' அதன் கீழேயே கையேட்டுக்காரர்: 'அமல்ராஜ் சார், உங்கள் இரண்டு பதில்களில் தவறானதை நீக்கிவிடுங்கள். மற்றதை அச்சுக்கு எடுத்துக்கொள்கிறோம்.'

அமல்ராஜ் 'இன்னொரு ஈ வந்திருக்கும்' என்று எழுதிப் பார்த்தார். அவருக்கே கூச்சமாக இருந்தது, அழித்தார். படங்களை மாற்றி மாற்றிப் பெரிதாக்கினார். ஒன்றில் வளையம் பளிச்சென்று இருந்தது, மற்றதில் சுத்தமாக இல்லை. இரண்டையுமே நீக்கி, 'சொல்ல முடியாது' என்று எழுதிவிடலாம். ஆனால் சௌம்யா அதைத்தான் செய்திருப்பாள். பாவம், மனிதருக்கு அந்த நினைப்பே தொண்டையில் இறங்கவில்லை.

"சோறு ஆறிப் போவுது. இன்னா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஈரக்கையோடு வந்தாள் ஜெசிந்தா.

அமல்ராஜ் போனை அவளிடம் நீட்டினார்.

"இதுல எதுனா ஒண்ணத் தொடு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.